இரண்டு புள்ளி ஐந்து

ராஜகுரு மதுரையில் பாலிடெக்னிக் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது, விடுதி மெஸ்ஸுக்குக் கட்டியிருந்த முன்பணம் நூற்று நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை அவன் வீட்டில் கொடுக்கவில்லை. அறையில் கூடத் தங்கியிருந்தவனிடம் ஒரு பழைய ஜப்பான் கால்குலேட்டர் இருந்தது. அந்தப் பணத்துக்கு அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினான். படிப்பு என்னாச்சு என்று கேட்கிறவர்களிடம் காட்டுவதற்குக் கையில் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

இது எண்பத்தைந்தாம் வருடம். எம்.ரெட்டியபட்டிக்கு மேற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் வருகிற ஊர் அது. அங்கே யாரும் அதுவரை கால்குலேட்டரைப் பார்த்ததில்லை. பீடிக் கட்டை விடக் கொஞ்சம் பெரியது. பின்பக்கம் இரண்டு பென்டார்ச் செல் போட வேண்டும். எண்கள் பச்சையாக எரியும். வெயிலில் அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாது. அந்த ஊரில் வெயில் இல்லாத இடம் குறைவு. அதனால் காட்டில் வைத்துக் கணக்குப் போடும்போது தலையோடு சேர்த்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு பார்க்க வேண்டும். கணக்குக் கேட்டு வந்தவரும் துண்டுக்குள் தலையை நுழைப்பார். வெளியே நிற்கிறவர்களுக்கு இரண்டு ஆட்கள் ஒரே துண்டுக்குள் ரகசியம் பேசுவது மாதிரி இருக்கும்.

அவனை எதற்கெடுத்தாலும் கூப்பிட்டார்கள். பருத்தி எடைக்கு எவ்வளவு, நிலத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை செண்டு. ரூபாய்க்கு நூறு பைசா, ஏக்கருக்கு நூறு செண்டு. ஊர்க்காரர்கள் பெட்டி என்று சொன்ன அந்தக் கால்குலேட்டரில் 3.5 என்று வந்தால் மூன்று ரூபாய் ஐம்பது பைசா. மூன்று ஏக்கர் ஐம்பது செண்டு. ஒரு வருடம் இதையே சொல்லிச் சொல்லி, புள்ளிக்கு அப்புறம் வருகிற ஐந்தைப் பார்த்தாலே அவன் வாய் ஐம்பது என்று சொல்லிவிடும். அதற்கு மூளை தேவைப்படவில்லை.

மறு வருடம் மாசி மாதத்தில்தான் கிணற்றுக் கணக்கு வந்தது.

ஊருக்குக் கிழக்கே இருந்த பங்குக் கிணற்றில் மூன்று பேருக்குப் பாத்தியதை. சங்கரலிங்கத்துக்கு இரண்டு ஏக்கர், சீனிச்சாமிக்கு ஒரு ஏக்கர் எண்பது செண்டு, புருஷனை இழந்த முத்துமாரியம்மாளுக்கு ஒரு ஏக்கர். அதுவரை ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மோட்டாருக்கான கரண்ட் காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் என்று ஆனதும் அந்த முறை சரிப்படவில்லை. மூன்று நாளைக்கு ஒரு தடவை என்றால் மிளகாய் தாங்காது. தினமும் ஆறு மணி நேரத்தை நிலத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம் என்று சீனிச்சாமிதான் சொன்னார்.

“மாப்ள, கொண்டா ஒன் பெட்டிய. இதுல எவனும் எவனையும் குத்தம் சொல்லக் கூடாது பாரு.”

கிணற்று மேட்டில் வைத்து ராஜகுரு, சங்கரலிங்கம், சீனிச்சாமி மூன்று பேரும் ஒரே துண்டுக்குள் தலையை விட்டார்கள். முத்துமாரியம்மாள் வெளியே நின்றாள். ஆம்பிளைகளோடு துண்டுக்குள் தலையை விட அவளால் முடியுமா. உள்ளே சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

மொத்தம் நாலு ஏக்கர் எண்பது செண்டு. ஆறை அதால் வகுத்து, அவரவர் நிலத்தால் பெருக்கினான். சங்கரலிங்கத்துக்கு 2.5 வந்தது.

“ரெண்டு மணி அம்பது நிமிசம்” என்றான்.

சீனிச்சாமிக்கு 2.25. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். முத்துமாரியம்மாளுக்கு 1.25. ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். பிறகு சரிபார்க்கிறேன் என்று மூன்றையும் கூட்டிக் காட்டினான். பச்சையாக ஆறு வந்து நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“யாத்தே, அச்சு அசல் ஆறு” என்றார் சங்கரலிங்கம். துண்டை விலக்கி வெளியே வந்தபோது மூன்று பேருக்கும் முகம் வேர்த்திருந்தது. சீனிச்சாமி அவன் தோளில் தட்டினார். அவருடைய மச்சினன் விஜயபாண்டி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் இருந்தான். அங்கே டைம் ஆபீஸில் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஆட்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதி மணிக்கணக்குப் போடுகிற வேலை. “ஒன்னைய அங்க சேத்து விடாம நான் ஓய மாட்டேன்” என்றார் சீனிச்சாமி.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை விஜயபாண்டியைப் பார்க்க ராஜகுரு மில்லுக்குப் போனான். வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். மில் மாஸ்டரைப் பார்ப்பதற்காக டைம் ஆபீஸ் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு தகரப் பலகை. பகல் ஷிப்ட், காலை ஏழு மணி ஆரம்பம், சாப்பாட்டு நேரம் உட்பட 8.5 மணி நேரம் என்று அதில் எழுதியிருந்தது. அவன் சும்மா மனதுக்குள் கூட்டினான். ஏழும் எட்டும் பதினைந்து. மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு ஷிப்ட் முடியும்.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள்.

ஆபீஸ் கடிகாரம்தான் தப்பு என்று முதலில் நினைத்தான். பிறகு பலகையைப் பார்த்தான். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டரை மணி நேரம். அரை மணி. முப்பது நிமிடம்.  மாஸ்டர் கூப்பிட்டபோது இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

ஊர் திரும்பும் பஸ் ரோட்டுக் குண்டு குழியில் குலுங்கியதில் பென்சில் கோணியது. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தான். சங்கரலிங்கத்துக்கு உள்ளது இரண்டரை மணி. அவன் கொடுத்தது இரண்டு ஐம்பது. இருபது நிமிடம் கூட. சீனிச்சாமிக்கு உள்ளது இரண்டே கால். பத்து நிமிடம் கூட. இரண்டு பேரும் அவன் சொன்னபடி கடிகாரத்தை வைத்து ஓட்டி முடிக்கும்போது பதினொன்றே கால். பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். ஒன்றே கால் மணி பாத்தியதை உள்ள முத்துமாரியம்மாளுக்கு முக்கால் மணி. மூன்று வாரமாக.

ஊரில் ஏற்கனவே சண்டை ஆரம்பித்திருந்தது. முத்துமாரியம்மாளிடம் கடிகாரம் கிடையாது. பாத்திதான் அவள் கடிகாரம். ஒரு மணிக்கு இருபது பாத்தி பாயும். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் என்றால் இருபத்தெட்டு பாத்தி நனைய வேண்டும். பதினைந்து பாத்திக்கு மேல் ஒரு நாளும் தண்ணீர் போகவில்லை. கடைசிப் பத்துப் பாத்தியில் மிளகாய்ச் செடி இலை சுருண்டு நின்றது. அவளுக்கு முன்னால் ஓட்டுகிறவர் சீனிச்சாமி. அவர்தான் நேரத்தைத் திருடுகிறார் என்று அவள் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை, நடுத்தெருவில் நின்று சொன்னாள்.

“ஒரு பொம்பளயோட தண்ணிய குடிச்சு ஒங்க செடி எத்தன நாளைக்கு நிக்கும்ண்ணே?”

“ஏ முத்துமாரி, வாயி அவிஞ்சு போகும். பதினொண்ணே காலுக்கு மேல ஒரு நிமிசம் நான் ஓட்டுனது கிடையாது.”

“அப்ப என் தண்ணி எங்க போச்சு? ஆவியா போச்சா?”

செவ்வாய்க்கிழமை காலை கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதென்று பேச்சு முடிந்திருந்தது. கொழுந்துவிட்டு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு, நான் சொன்னது பொய்யானால் இன்னது ஆகட்டும் என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் தைரியம் கிடையாது. கை வைக்கத் தயங்குகிறவன் பொய்யன். தீர்ப்பு அவ்வளவுதான்.

ராஜகுருவுக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தான். ஒரு மணிக்கு எத்தனை நிமிடம் என்று தெரியாதவன் டைம் ஆபீஸில் உட்கார முடியாது. சீனிச்சாமியே மச்சினனுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். அவன் அம்மா பொன்னுத்தாய் அவனுடைய ஒரே வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக் காய வைத்திருந்தாள். காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வருகிற வழியில் நான்கு பேரிடம் வேலை விஷயத்தைச் சொல்லியும் விட்டாள்.

பிறகு அவனுக்கு ஒரு யோசனை தட்டியது. சீனிச்சாமி நேரத்துக்கு மேல் ஓட்டவில்லை என்பது உண்மை. முத்துமாரியம்மாளுக்குச் சொன்ன நேரம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லிச் சத்தியம் செய்யப் போகிறார்கள். இரண்டு சூடமும் அணையும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஊர் குழம்பிப் போய்க் கலைந்துவிடும். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் போனதும், புதுப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் மாறி வருகிறது என்று சொல்லி முறையைத் திருத்திவிடலாம். இதை நினைத்ததும் அவனுக்குப் பசித்தது. ஒரு கும்பா கம்பஞ்சோறு சாப்பிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் முத்துமாரியம்மாள் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பொன்னுத்தாய் காட்டுக்குப் போயிருந்தாள். வந்தவள் வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஏய்யா ராசகுரு, இருக்கியா?”

“வாங்க சின்னம்மா.” எழுந்த வேகத்தில் அவன் செம்பைத் தட்டிவிட்டான்.

அவள் உட்காரவில்லை. வலது கைப் பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்துக்கொண்டு பேசினாள்.

“நான் படிச்சவ இல்ல. நாளைக்கு சாமி முன்னால நிக்கணும். அதுக்கு முன்னால கேட்டுப்போடுவோம்னு வந்தேன். ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. அஞ்சு மணி. சரியா?”

“சரி.”

“நிமிசம் அம்பது, ஒரு இருபத்தஞ்சு, இன்னொரு இருபத்தஞ்சு. நூறு. நூறு நிமிசம்னா ஒண்ணே முக்கா மணிக்குக் கிட்டத்துல வருது. அஞ்சோட அதச் சேத்தா ஆறே முக்காகிட்ட ஆகுது. கரண்டு ஆறு மணி நேரந்தான? ஆறுக்குள்ள ஆறே முக்கா எப்படிய்யா இருக்கும்? விடிஞ்சதுலருந்து நாலு தடவ எண்ணிட்டேன். அதேதான் வருது.”

அவள் கையில் மிளகாய்ச் செடிப் பச்சை ஒட்டியிருந்தது. அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு வருடம் பாலிடெக்னிக்கில் உட்கார்ந்தவன் மூன்று வாரமாகப் பார்க்காததை அவள் விரல் கணுவிலேயே பிடித்துவிட்டாள். ஆமாம் சின்னம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

கொடியில் வெள்ளைச் சட்டை தொங்கியது.

அவன் பெட்டியை எடுத்தான். வீட்டுக்குள் இருட்டு. துண்டு தேவைப்படவில்லை. “இங்க பாருங்க சின்னம்மா” என்று அவள் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினான். 2.5, கூட்டல், 2.25, கூட்டல், 1.25. ஒரு தடவை விரல் தப்பாகப் பட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டான். பச்சையாக ஆறு.

முத்துமாரியம்மாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எண் படிக்கத் தெரியும், பஸ் நம்பர் பார்ப்பாள்.

“ஆறுதான் வருது” என்றாள். “பெட்டி பொய் சொல்லாதுல்ல?”

“சொல்லாது சின்னம்மா.”

“அப்ப நாந்தான் தப்பா எண்ணிருக்கேன்.” பெருவிரல் இன்னும் கணுவில் இருந்தது. அதை எடுத்தாள். “கூறு கெட்டவ, ஒரு ஆம்பளய போயி தெருவுல நிறுத்துனேன்.”

அவள் போன பிறகு அவன் செல்லைக் கழற்றி வெளியே வைத்தான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோயிலில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ராஜகுரு வராமல் இருந்திருக்கலாம். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களோ என்று பயந்து வந்தான். பூசாரி சோலைச்சாமி கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். சீனிச்சாமி சட்டையைக் கழற்றிவிட்டு, ஈர வேட்டியோடு முன்னால் வந்தார்.

“பதினொண்ணே காலுக்கு மேல ஒரு நிமிசம் நான் மோட்டார ஓட்டல. ஓட்டிருந்தா என் ரெண்டு கண்ணும் அவியட்டும்.”

பட்டென்று அடித்தார். சூடம் அணைந்தது. கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். ஒன்று முடிந்தது என்று ராஜகுரு நினைத்தான். இன்னும் ஒன்றுதான்.

சோலைச்சாமி இரண்டாவது சூடத்தைக் கொளுத்தினார். முத்துமாரியம்மாள் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்து வந்திருந்தாள்.

“சொல்லுத்தா” என்று பூசாரி எடுத்துக் கொடுத்தார். “ ஒண்ணு இருபத்தஞ்சு எனக்குக் கிடைக்கல. கிடைச்சிருந்தும் பொய் சொன்னேன்னா...”

அவள் கையைத் தூக்கினாள். கை சூடத்துக்கு மேலே ஒரு முழம் வரை வந்தது. அங்கேயே நின்றது. ராஜகுரு மனதுக்குள் அடி, அடி என்றான். சொல்லுவது உண்மைதானே, அடித்துவிட்டுப் போயேன். கை கீழே இறங்கவில்லை. அவள் உதடு அசைவது தெரிந்தது. மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கை பின்னால் வந்தது.

“எனக்குத் தெரியல சாமி” என்றாள். “நான் எண்ணுனா ஒண்ணு வருது. பெட்டியில ஒண்ணு வருது. தெரியாதத எப்படி சத்தியம் பண்ண?”

கூட்டத்தில் சலசலப்பு. சங்கரலிங்கம் சிரித்தார். “பாத்தீகளா, கை போகல.” சீனிச்சாமியின் மனைவி மாரிக்கனி கையைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். “எம் புருசன களவாணின்னு சொன்ன நாக்கு இன்னைக்கு எங்கடி போச்சு? கால்ல விழுடி! ஊரு முன்னால விழு!”

இந்தக் கணக்கு ராஜகுருவின் யோசனையில் வரவே இல்லை. இரண்டு பேரும் உண்மை, இரண்டு சூடமும் அணையும் என்றுதான் போட்டிருந்தான். அவள் தன் உண்மையையே சந்தேகப்படுவாள் என்று போடவில்லை. அந்தச் சந்தேகத்தை நேற்று மத்தியானம் அவன்தான் பொத்தானை அழுத்தி அழுத்திக் கொடுத்தான்.

முத்துமாரியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விழுவதற்குக் குனிந்தாள்.

அவன் கால் முன்னால் போனது. தைரியம் வந்து போகவில்லை. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். யாரோ “ஏலே, எங்கல போற” என்று சட்டையைப் பிடித்தார்கள். பாதி எரிந்திருந்த சூடத்தின் மேல் கையை வைத்தான். அடிக்கத் தெரியாமல் வைத்து அழுத்திவிட்டான். சதை பொசுங்கியது.

“தப்பு எம் மேல” என்றான். குரல் கீச்சென்று வந்தது. “ரெண்டு பேரு மேலயும் இல்ல. பெட்டி காட்டுனது ரெண்டரை மணி. நான் ரெண்டு மணி அம்பது நிமிசம்னு சொல்லிட்டேன். மணிக்கு அறுபது நிமிசம். நான் செண்டு மாதிரி நூறுன்னு வச்சு சொல்லிட்டேன். சின்னம்மாவுக்கு முக்கா மணிதான் தண்ணி போயிருக்கு.”

ஊர் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. முதலில் யாரோ ஒருவர் மெதுவாகச் சிரித்தார். பிறகு எல்லோரும்.

“ஏலே, மணிக்கு நூறு நிமிசமா? எந்த ஊருலல?”

“அதான் மருதயில வெளிய தள்ளிட்டாய்ங்க போல!”

சீனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார். “மாப்ள, வியாழக்கிழம நீ மில்லுக்குப் போக வேண்டாம். மணி பாக்கத் தெரியாதவன டைம் ஆபீஸுக்கு அனுப்பினேன்னு என் மச்சினன் மூஞ்சியில நான் முழிக்க முடியாது.”

கூட்டம் கலைந்தது. முத்துமாரியம்மாள் கோயில் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ராஜகுரு அவள் பக்கம் போய் நின்றான். நேற்று வீட்டில் நடந்ததை அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். தப்பாகப் போட்டவனை ஊர் சிரித்துவிட்டு விட்டுவிடும். தெரிந்தும் பொய்யாக ஆறு காட்டியவனை விடாது. மாரிக்கனி இன்னும் நான்கு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

முத்துமாரியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நேத்தே தெரியுமா?” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவன் பொசுங்கிய கையைத் தொட்டித் தண்ணீரில் விட்டான்.

“நாளைக்கு நான் எத்தன மணிக்கு மோட்டாரப் போடணும்?”

“பத்தே முக்காலுக்கு சின்னம்மா.”

அவள் விரல் கணுவில் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் இருபத்தைந்து பாத்தி நனைந்தது. கடைசிப் பத்துப் பாத்திச் செடியில் பாதி பிழைத்தது, பாதி போனது. ராஜகுருவுக்கு ஊரில் ‘நூறு நிமிசம்’ என்று பேர் விழுந்தது. இரண்டு வருடம் கழித்து வேறொரு மில்லில், இரவு ஷிப்டில் அறுந்த நூலை ஒட்டும் வேலை கிடைத்தது. அங்கே யாரும் அவனைக் கணக்குக் கேட்கவில்லை. பெட்டி செல் கசிந்து துருப்பிடித்துப் போனது.

தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் திருச்சுழியில் உரக்கடைக்குப் போயிருந்தான். அப்போது எல்லாக் கடையிலும் கால்குலேட்டர் வந்துவிட்டது. வெயிலில் ஓடுகிற ரகம், செல்லே வேண்டாம். கடைக்காரர் அதைத் தட்டி ஒரு எண்ணைச் சொன்னார். முன்னால் நின்ற பெண் அசையவில்லை.

“நீங்க பாட்டுக்கு தட்டுங்க” என்றாள். “நான் ஒருக்கா எண்ணிக்கிறேன்.”

முத்துமாரியம்மாள்தான். தலை நரைத்திருந்தது. பெருவிரல் கணுவில் நகர்ந்தது. கடைக்காரர் சிரித்தார். “ஏம்மா, மிசினு மேல அம்புட்டு சந்தேகமா?”

“மிசினு மேல ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். ராஜகுரு நிற்பதைப் பார்த்தாள். அடுத்த வார்த்தை வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. எட்டு வருடமாக அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவள் உரச் சாக்கைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டான். ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.